ஒரு தொட்டித் தண்ணீர், ஐந்து நாட்கள்: மழலையர் வகுப்புக்கு ஒரு வாரத் திட்டம்

திங்கள் நிறங்கள், செவ்வாய் விலங்குகள், புதன் வாகனங்கள், வியாழன் பூக்கள் என்று ஒரு வாரத்தை நிரப்பிவிடுவது எளிது. முதல் சில வருடங்கள் நானும் அப்படித்தான் திட்டம் எழுதினேன். நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை வருவதை ஒரு குழந்தை திங்கள் மதியம்தான் கண்டுபிடித்திருக்கும். மறுநாள் காலை ஆசையாக ஓடிவந்து வண்ணக் கிண்ணத்தைத் தேடினால், அந்த இடத்தில் யானை பொம்மை இருக்கும். நான்கைந்து வயதில் ஒரு பொருளோடு பழக ஒரு நாள் போதாது. முதல் நாள் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் அதையே திரும்பச் செய்வார்கள். மூன்றாம் நாள்தான் கேள்வி பிறக்கும்.

அதனால் வாரம் முழுக்க ஒரே பொருளை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தண்ணீரை எடுத்துக்கொண்டு திட்டத்தைச் சொல்கிறேன். 4, 5 வயதுக் குழந்தைகள் 20 பேர், ஒரு ஆசிரியர், ஒரு உதவியாளர், நாளுக்கு 3 மணி நேரம் என்பது என் கணக்கு. மண், விதை, நிழல், பெட்டிகள் என்று எதை எடுத்தாலும் இதே வழியில் போகலாம். தண்ணீரை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு: தண்ணீரைப் பார்த்து ஒதுங்கும் குழந்தைகள் வெகு சிலரே, அதைத் தப்பாக விளையாடவும் வழியில்லை.

முந்தைய வாரம் செய்ய வேண்டியவை

வெள்ளிக்கிழமையே பொருட்களைச் சேர்த்துவிடுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டியவை குறைவு.

- அகலமான, ஆழமில்லாத தொட்டி இரண்டு. குழந்தைகளின் இடுப்பு உயரத்தில் வைக்க உறுதியான மேசை.
- வெவ்வேறு உயரமும் அகலமும் உள்ள டம்ளர்கள், மூடியுள்ள பாட்டில்கள், புனல், கரண்டி, ஸ்பாஞ்ச், அடியில் ஓட்டை போட்ட டப்பா.
- சாவி, மரக்கட்டை, கூழாங்கல், இலை, பெரிய மெழுகுவர்த்தி, பாட்டில் மூடி, நாணயம்.
- தண்ணீரில் கரையாத, எண்ணெய்ப் பதமுள்ள விளையாட்டுக் களிமண்.
- பழைய பெயின்ட் பிரஷ், சாக்பீஸ், பெரிய சார்ட் தாள், பழைய துணிகள் நிறைய.

பாதுகாப்பை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். சில சென்டிமீட்டர் ஆழமுள்ள தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை மூழ்கிவிடக்கூடும். அதனால் தொட்டிக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது. விளையாட்டு முடிந்தவுடன் தொட்டியையும் வாளியையும் காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். மேசைக்குக் கீழே வழுக்காத விரிப்பு போடுங்கள். பொருட்களை வாயில் வைக்கும் பழக்கம் இன்னும் போகாத குழந்தை வகுப்பில் இருந்தால், நாணயம் போன்ற சின்னப் பொருட்களை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். கையில் புண்ணோடு வரும் குழந்தைக்குத் தனியாக ஒரு கிண்ணம் கொடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்: இந்த வாரம் உடை நனையும், மாற்றுடை ஒன்று கொடுத்தனுப்புங்கள். இதைச் சொல்லாமல் விட்டால், நனைந்த சட்டைக்காகத் திட்டு வாங்கிய குழந்தை செவ்வாய்க்கிழமை தொட்டிப் பக்கமே வராது.

ஒரு நாளின் அமைப்பு

ஐந்து நாளும் வரிசை மாறக் கூடாது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் சின்னக் குழந்தைக்கு மனம் அமைதியாக இருக்கும். காலை வட்டம் (எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் நேரம்) 15 நிமிடம், மூலைகளில் விளையாட்டு 50, கை கழுவிச் சாப்பிட 25, வெளியே 40, கதை 15, கடைசி வட்டம் 10. கூட்டினால் 155 நிமிடம் வரும். மீதி 25 நிமிடத்தை இடம் மாறவும், துடைக்கவும், செருப்பு மாட்டவும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காத எந்தத் திட்டமும் புதன்கிழமைக்குள் உடைந்துவிடும்.

மூலைகள் நான்கு: தண்ணீர், கட்டைகள், வரைதல், பாவனை விளையாட்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து பேர். மூலையின் வாசலில் ஐந்து கொக்கிகள் மாட்டி, குழந்தைகளின் பெயர் அட்டைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். கொக்கி காலியாக இருந்தால் உள்ளே போகலாம், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். ஐந்து என்ற எண் என்னவென்று இந்தக் கொக்கிகளே பாதி கற்றுக்கொடுத்துவிடும். விசிலடித்து எல்லோரையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒரு குழந்தை 40 நிமிடம் புனலோடு நின்றால் நிற்கட்டும். நாளின் முடிவில் யாருக்குத் தண்ணீர் மூலை கிடைக்கவில்லை என்று பார்த்து, மறுநாள் அவர்களுக்கு முதல் இடம் கொடுங்கள்.

தண்ணீர் மூலைக்குத்தான் கூட்டம் முட்டும் என்பதால் இரண்டாவது தொட்டியை வெளியே வையுங்கள். பக்கத்தில் நிற்க ஆள் இருந்தால் மட்டும்.

திங்கள்: சும்மா விளையாடட்டும்

காலை வட்டத்தில் ஒரு பாத்திரத்தைத் துணியால் மூடிக் கொண்டுவாருங்கள். உள்ளே என்ன என்று சொல்லாமல் லேசாக ஆட்டுங்கள். சத்தத்தைக் கேட்டு அவர்களே சொல்லட்டும். பிறகு ஒவ்வொரு குழந்தையின் உள்ளங்கையிலும் ஒரு சொட்டு விடுங்கள். இவ்வளவு போதும். தண்ணீரின் பயன்கள் ஐந்து என்று இங்கே ஆரம்பித்தீர்களானால் வட்டம் கலைந்துவிடும்.

தொட்டியில் டம்ளர், புனல், ஓட்டை டப்பா, ஸ்பாஞ்ச் மட்டும் போடுங்கள். இன்றைக்குக் கேள்வி எதுவும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் செய்வதை வார்த்தையில் சொல்லுங்கள்: "நீ மேலேயிருந்து ஊத்துற, கீழே நுரை வருது." குழந்தையின் கை செய்வதற்கும் காதில் விழும் சொல்லுக்கும் அந்த நொடியிலேயே முடிச்சு விழுகிறது. நிரம்பி வழிகிறது, சிந்துகிறது, சொட்டுகிறது, கசிகிறது, தெறிக்கிறது, பீய்ச்சுகிறது: தண்ணீர் நகர்வதற்கு மட்டும் நம் மொழியில் எத்தனை வினைச்சொற்கள்! ஒரு நாளில் இத்தனையையும் குழந்தை கண்ணால் பார்த்துவிடும். அப்புறம் சத்தங்கள்: சலசல, சளசள, களகள, தொபுக்கென்று. வெளியே போகும்போது இந்தச் சத்தங்களை வாயால் எழுப்பியபடியே நடக்கச் சொல்லுங்கள்.

கடைசி வட்டத்தில் பாட இரண்டு வரி கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டியது இது:

சொட்டுச் சொட்டாய்த் தண்ணி
சொல்லு பார்ப்போம் எண்ணி
ஒண்ணு ரெண்டு மூணு
குனிஞ்சு உள்ளே காணு

ஒவ்வொரு சொல்லுக்கும் அசை பிரித்துக் கை தட்டுங்கள். மீன் என்றால் ஒரு தட்டு, தண்ணீர் என்றால் இரண்டு, தவளை என்றால் மூன்று. சொல்லைத் துண்டு துண்டாகக் கேட்கப் பழகிய காது, பின்னால் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது திணறாது.

செவ்வாய்: மிதக்குமா, மூழ்குமா

வாரத்தில் எனக்கு மிகப் பிடித்த நாள் இதுதான். இதற்கு அவசரப்படவே கூடாது.

சார்ட் தாளில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் மிதக்கும் படகும் மறுபக்கம் அடியில் கிடக்கும் கல்லும் வரைந்துவிடுங்கள். ஒரு பொருளைக் கையில் எடுங்கள். எல்லோரும் தூக்கிப் பார்க்கட்டும். "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத குழந்தைகளும் பேசினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். அந்த 3 நொடி எவ்வளவு நீளம் என்பது தெரியும்.

ஊகத்தைச் சொன்ன பிறகு பொருளைத் தண்ணீரில் போட வேண்டியது குழந்தை, நீங்கள் இல்லை. வரிசையும் முக்கியம். முதலில் கல், இலை போல எல்லோருக்கும் தெரிந்தவற்றைப் போடுங்கள். ஊகம் சரியாக வரவர நம்பிக்கை ஏறும். "கனமா இருந்தா முழுகும்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்போது பெரிய மெழுகுவர்த்தியையும் சின்னச் சாவியையும் எடுங்கள். இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து, மெழுகுவர்த்திதான் கனம் என்று அவர்களே சொல்லட்டும். போட்டதும் மெழுகுவர்த்தி மிதக்கும், சாவி அடியில் போய்க் கிடக்கும். அந்த இடத்தில் வகுப்பு ஒரு கணம் அமைதியாகும். அந்த அமைதியை உங்கள் விளக்கத்தால் நிரப்பிவிடாதீர்கள். அடர்த்தி என்ற சொல் இந்த வயதுக்குத் தேவையில்லை. தாங்கள் போட்டு வைத்திருந்த விதி உடைந்ததைப் பார்ப்பதே இன்றைய பாடம்.

அடுத்து களிமண். உருண்டையாக உருட்டிப் போட்டால் மூழ்கும். அதே உருண்டையைக் கிண்ணமாகத் தட்டி மெதுவாக வைத்தால் மிதக்கும். கிண்ணம் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது, அதனால் தண்ணீரும் அதைக் கூடுதலாக மேலே தள்ளுகிறது. இது உங்களுக்கான காரணம். குழந்தைக்குக் கொடுக்க வேண்டியது களிமண்ணும் நேரமும் மட்டுமே. பெரும்பாலானவர்களின் முதல் படகு மூழ்கும். கையைப் பிடித்துத் திருத்தாதீர்கள். "பக்கச் சுவரைக் கொஞ்சம் உயர்த்தினா என்ன ஆகும்?" என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிதக்கும் படகு கிடைத்துவிட்டால், எத்தனை கூழாங்கல் ஏற்றலாம் என்று ஒவ்வொன்றாக வைத்து எண்ணட்டும். ஸ்பாஞ்சையும் தொட்டியிலேயே விட்டுவையுங்கள். முதலில் மிதக்கும், தண்ணீர் குடிக்கக் குடிக்கத் தாழும். அதை யாராவது தானாகக் கவனிப்பார்கள்.

தொட்டி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கும் குழந்தை எல்லா வகுப்பிலும் உண்டு. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே, பார்த்துக்கொண்டிருப்பதையும் குழந்தைகள் விளையாட்டில் பங்கெடுக்கும் ஒரு முறையாகப் பட்டியலிட்டார். "நீயும் போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளாதீர்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணமும் ஒரு கரண்டியும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

புதன்: எவ்வளவு, எத்தனை

இன்று தொட்டியில் வேறு வேறு வடிவ டம்ளர்கள் இருக்கட்டும். பெரிய பாட்டில் நிரம்ப எத்தனை டம்ளர் வேண்டும்? முதலில் ஊகம், அப்புறம் ஊற்றிப் பார்த்தல். ஒவ்வொரு டம்ளருக்கும் சார்ட்டில் ஒரு கோடு. சின்னச் சொம்பிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் ஊற்றுவதையே ஒரு வேலையாகக் கொடுக்கலாம். 1907-ல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரியின் முறையில், ஊற்றுவதும் துடைப்பதும் எண், எழுத்துக்கு நிகரான பாடங்கள். சிந்தினால் திட்டு கிடையாது, துணி கொடுங்கள். துடைப்பதை அவ்வளவு ரசித்துச் செய்கிற வயது இது!

இரண்டு ஒரே மாதிரி டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, ஒன்றை மட்டும் ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றிப் பாருங்கள். எதில் அதிகம் என்று கேட்டால், உயரமானதைக் காட்டுவார்கள். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே செய்து புகழ்பெற்ற சோதனை இது. ஏழு வயதை நெருங்கும் வரை பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தான் சொல்வார்கள். அது தவறு என்று விளக்கி ஒரு பயனும் இல்லை. பழைய டம்ளருக்கே திருப்பி ஊற்றட்டும், அதையே பத்துமுறை செய்யட்டும்.

எண்ணும்போது காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978-ல் எண்ணுதலுக்கு ஐந்து விதிகளை எடுத்துச் சொன்னார்கள். வகுப்பில் உங்களுக்கு உடனே உதவுவது அவற்றில் மூன்று. குழந்தை ஒரு பொருளுக்கு ஓர் எண் மட்டும் சொல்கிறதா? எண்களை ஒரே வரிசையில் சொல்கிறதா? கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது புரிந்திருக்கிறதா? ஐந்து கற்களை அழகாக எண்ணி முடித்த குழந்தையிடம் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "அஞ்சு" என்றால் மூன்றாவது விதி வந்துவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் வரவில்லை. நூறு வரை ஒப்பிக்கும் குழந்தையிடம்கூட இது விடுபட்டிருக்கும். அவருக்குத் தேவை நான்கு கற்களும் உங்களோடு பத்து நிமிடமும்.

வரைதல் மூலையில் இன்று மழை. மேலிருந்து கீழே நிற்கும் கோடுகள், தரைக்கு ஒரு படுக்கைக்கோடு, ஆற்றுக்கு அலைக்கோடு. நிற்கும் கோடும் படுக்கைக்கோடும் கைக்கு வந்தால் 'ட' தானாக வந்துவிடும். நிற்கும் கோடு இன்னொன்று சேர்ந்தால் 'ப'. உடைந்த கிரேயான் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சின்னத் துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும் என்பதால் பிடிமானம் சரியாகப் பழகும். பென்சில் பிடிக்க விரும்பாத குழந்தை, ஈரப் பிரஷ்ஷால் வெளிச்சுவரில் எழுதட்டும்.

வியாழன்: தண்ணீர் எங்கே போச்சு?

இன்று பாதி வேலை வெளியேதான். 3, 4 வயதுக் குழந்தை நாளுக்கு 180 நிமிடமாவது உடலசைவோடு இருக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். தண்ணீர் வாரத்தில் இது கஷ்டமே இல்லை. நிறைந்த டம்ளரைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு நடப்பது, நனைந்த ஸ்பாஞ்சைச் சுவரில் வரைந்த வட்டத்தில் எறிவது, சாக்பீஸால் வரைந்த குட்டைகளைத் தாண்டிக் குதிப்பது, எல்லாமே ஆட்டம்தான்.

வந்தவுடன் தரையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டி, குட்டையின் ஓரத்தைச் சாக்பீஸால் சுற்றி வரையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை போய் மறுபடி வரையுங்கள். கோட்டுக்குள் கோடு, அதற்குள் இன்னொரு கோடு. கடைசியில் தண்ணீர் இருக்காது, கோடுகள் மட்டும் இருக்கும். எங்கே போச்சு? தரை குடிச்சிருச்சு, காத்து தூக்கிட்டுப் போயிருச்சு, பூனை நக்கிருச்சு என்று பதில்கள் வரும். ஒவ்வொன்றையும் அவர்கள் சொன்னபடியே, சொன்னவர் பெயரோடு சார்ட்டில் எழுதுங்கள். தன் பேச்சு எழுத்தாக மாறுவதைக் குழந்தை கண் முன்னே பார்ப்பதற்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

பனிக்கட்டி கிடைத்தால் இரண்டு கட்டிகளை எடுங்கள். ஒன்றைக் கனமான உலர்ந்த துணியில் சுற்றி, மற்றொன்றைத் திறந்தபடி வையுங்கள். எது முதலில் கரையும்? போர்வை சூடு என்பதால் சுற்றியதுதான் கரையும் என்பார்கள். திறந்து வைத்ததுதான் முதலில் கரையும். வெளிச் சூட்டை உள்ளே போகவிடாமல் துணி தடுக்கிறது. பெரியவர்களிலும் பலர் இதைத் தப்பாகவே சொல்வார்கள்.

கதை நேரத்துக்கும் ஒரு சொல். திங்கள் முதல் ஒரே கதையைப் படியுங்கள். முதல் நாள் நிறுத்தாமல் படிப்பது, இரண்டாம் நாள் நடுவில் "அடுத்து என்ன ஆகும்?" என்று நிறுத்துவது, மூன்றாம் நாள் படத்தைக் காட்டி அவர்களைப் பேசவைப்பது. வியாழன் அவர்களே நடிக்கட்டும். நீலத்துணி ஒன்று போதும், அதுவே ஆறு.

வெள்ளி: இதை வியாழன் மாலைதான் எழுத வேண்டும்

திட்டத்தாளில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இந்த வாரத் திட்டத்தில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது ஒன்றுதான். வியாழன் மாலை உங்கள் குறிப்புகளைப் பரப்பிவைத்து, எந்தக் கேள்வி இரண்டு மூன்று பேரிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தது என்று தேடுங்கள். வெள்ளிக்கிழமையை அந்தக் கேள்விக்குக் கொடுத்துவிடுங்கள். படகில் ஏறிய கற்களைப் பற்றியே பேச்சு என்றால், பெரிய படகு கட்டும் நாள். ஓட்டை டப்பாவிலேயே பாதி வகுப்பு கிடந்தது என்றால், ஓட்டை மேலே இருந்தால் எப்படிப் பாயும், கீழே இருந்தால் எப்படிப் பாயும் என்று பார்க்கும் நாள். ஒரு வருடம், குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு குழந்தை கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக் கட்டடத்தைச் சுற்றிக் குழாய்களைப் பின்தொடர்ந்து நடந்தோம். நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்த நாள் எனக்குத் தோன்றியிருக்காது.

இதற்கு வேண்டியது குறிப்பு எடுக்கும் பழக்கம். சட்டைப்பையில் சின்ன ஒட்டுத்தாள் கட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நான்கு குழந்தைகள் என்றால் ஐந்து நாளில் இருபது பேரும் வந்துவிடுவார்கள். தேதி, என்ன செய்தார், என்ன சொன்னார், அவ்வளவுதான். "நன்றாக விளையாடினாள்" என்ற குறிப்பு யாருக்கும் உதவாது. "ஐந்து கல் எண்ணினாள், மொத்தம் கேட்டதும் மறுபடி எண்ணினாள்" என்ற குறிப்பு அடுத்த வாரத்துக்கு வேலை சொல்லும். மதிப்பெண்ணோ நட்சத்திரமோ போடாதீர்கள்.

கடைசி வட்டத்தில் வாரத்தின் சார்ட்டுகளை எல்லாம் தரையில் விரித்து, அவரவர் சொன்ன வரியை அவரவருக்குப் படித்துக் காட்டுங்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து தொட்டியைத் தூக்கிக் கொண்டுபோய்ச் செடிகளுக்கு ஊற்றட்டும். ஒரு மூலைக்கு ஒரு குழந்தை, நடுவில் நீங்கள். தொட்டியைக் கவிழ்த்துக் காயவையுங்கள். திங்கட்கிழமையும் அதைத் தேடி வருகிறவர்கள் இருந்தால், இன்னொரு வாரம் வைத்திருங்கள்.